வலி நின்றதும் நலம் என்று எழுதிவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த கையோடு நீ கேட்டிருக்கும் கேள்வி நியாயமானது. "பித்தப்பையில் கல் அடைக்கிறது, பை வீங்குகிறது, நாம் அறுத்து எடுத்துவிடுகிறோம். எடுத்து எறியப்போகும் பையின் தசை எப்படிச் சுருங்குகிறது, அழற்சியில் சுரக்கும் எந்த வேதிப்பொருள் அதை என்ன செய்கிறது என்று நான் ஏன் படிக்க வேண்டும்?" மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கோலா சாவா, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து படித்து வந்து சிரம்பான் துவாங்கு ஜாஃபர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களாக நிற்கும் பிள்ளைகள் உன்னைப் போலப் பலர். அவர்களுக்கும் உதவட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

கல் நோயைத் தொடங்கி வைக்கிறது, அவ்வளவுதான். அதன்பின் அந்த மனிதருக்கு என்ன ஆகும் என்பதை அழற்சிதான் முடிவு செய்கிறது. தசை எப்போது துடிக்கும், எப்போது ஓயும், பை எப்போது அழுகும், வலி எப்போது பொய்யாக அடங்கும் என்பதெல்லாம் அந்த வேதிப்பொருட்களின் கையில் இருக்கிறது. அவற்றை அறியாதவர் கல்லை மட்டும் பார்ப்பார். கல்லை ஸ்கேன் கருவியே காட்டிவிடும். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை நீதான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் நலமாக உள்ள பையைப் பார். கல்லீரல் ஒரு நாளில் ஏறத்தாழ அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. பித்தப்பையின் கொள்ளளவோ 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். நீரையும் உப்பையும் உறிஞ்சிப் பித்தத்தைப் பல மடங்கு செறிவாக்கி வைத்துக்கொள்வதால் அந்தச் சிறிய இடம் போதுகிறது. காலையில் நாசி லெமாக்கோ நெய் ஊற்றிய தோசையோ வயிற்றுக்குள் இறங்கியதும், முன்சிறுகுடலின் சுவரில் உள்ள உயிரணுக்கள் கொழுப்பையும் புரதத்தையும் உணர்ந்து கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. அப்படி ஒரு ஹார்மோன் உண்டு என்பதை 1928இல் ஆன்ட்ரூ ஐவியும் எரிக் ஓல்ட்பெர்க்கும் விலங்குகளின் இரத்த ஓட்டங்களை இணைத்துச் செய்த சோதனைகளால் நிறுவினார்கள். ஒரு விலங்கின் குடலில் தூண்டல், இன்னொன்றின் பித்தப்பையில் சுருக்கம். நரம்புத் தொடர்பே இல்லாமல் செய்தி இரத்தத்தின் வழியாகப் போயிருந்தது.

அந்த ஹார்மோன் இரண்டு வழியாக வேலை செய்கிறது. வேகஸ் நரம்பின் முனைகளைத் தூண்டி அசிட்டைல்கோலினைச் சுரக்கவைப்பது ஒன்று. தசை உயிரணுவின் சவ்வில் உள்ள ஏற்பியில் நேரடியாக அமர்வது மற்றொன்று. ஏற்பி தூண்டப்பட்டதும் உயிரணுவுக்குள் கால்சியம் உயர்கிறது, தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன, பை சுருங்குகிறது. அதே வேளையில் பித்தநாளத்தின் வாயில் இருக்கும் ஓடியின் சுருக்குத்தசை தளர்ந்து வழிவிடுகிறது. ருக்கெரோ ஓடி இத்தாலியின் பெருஜியாவில் மாணவராக இருந்தபோதே, 1887இல், அந்தத் தசையைப் பற்றி எழுதிவிட்டார். மாணவர்களால் என்ன முடியும் என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்.

இப்போது கல் ஒன்று பையின் கழுத்தில் சிக்கிக்கொள்கிறது. பை சுருங்க முயல்கிறது, வெளியேற வழியில்லை. மேல்வயிற்றில் வலி ஏறி, ஒரே சீராக நின்று, சில மணி நேரத்தில் அடங்குகிறது. கல் பின்னுக்கு நகர்ந்துவிட்டால் கதை அதோடு முடிகிறது. நகரவில்லை என்றால் அடுத்த கட்டம் தொடங்குகிறது. உன் பாடநூல் அதை அரைப்பக்கத்தில் முடித்திருக்கும். நீ நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் அதுதான்.

அழுத்தத்தால் பையின் உள்சவ்வு காயப்படுகிறது. காயப்பட்ட சவ்விலிருந்து வரும் பாஸ்போலிப்பேஸ் நொதிகள் பித்தநீரில் இயல்பாகவே இருக்கும் லெசித்தினை லைசோலெசித்தினாக மாற்றுகின்றன. லெசித்தின் சவ்வைக் காப்பது, லைசோலெசித்தின் சவ்வை அரிப்பது. அதே நொதிக் குடும்பம் உயிரணுச் சவ்விலிருந்து அராகிடோனிக் அமிலத்தையும் பிரித்தெடுக்கிறது. அதைச் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதி புரோஸ்டாகிளாண்டின்களாக்குகிறது. இவற்றில் ஈ2 என்ற வகைதான் இந்த நோயில் நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

புரோஸ்டாகிளாண்டின் ஈ2 உள்சவ்வின் வேலையையே தலைகீழாக்கிவிடுகிறது. அதுவரை நீரை உறிஞ்சிக்கொண்டிருந்த சவ்வு நீரைச் சுரக்கத் தொடங்குகிறது. வாய் அடைபட்ட பைக்குள் நீர் ஊறினால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார். அழுத்தம் ஏறுகிறது, அழுத்தம் சவ்வை மேலும் காயப்படுத்துகிறது, காயம் மேலும் புரோஸ்டாகிளாண்டினைச் சுரக்கவைக்கிறது. ஸ்வீடனில் ஸ்வான்விக்கும் தோர்னெலும் 1980களின் தொடக்கத்தில் இந்தச் சுழலைப் படிப்படியாகக் காட்டினார்கள். புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கும் இண்டோமெத்தசினைக் கொடுத்ததும் பையின் உள்ளழுத்தம் இறங்கியது, நோயாளிகளின் வலியும் இறங்கியது. வலி மாத்திரை மூளையில் வலியை மறைக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கே அது பையின் சுவரிலேயே வேலை செய்கிறது.

தசைக்கு வருகிறேன். தொடக்கத்தில் புரோஸ்டாகிளாண்டின் தசையைச் சுருங்கவைக்கிறது. ஹிஸ்டமினுக்கு இரண்டு முகம்: முதல் வகை ஏற்பி வழியாகச் சுருங்கவைக்கும், இரண்டாம் வகை வழியாகத் தளர்த்தும். நைட்ரிக் ஆக்சைடு தளர்த்தும். அழற்சி வளர வளர வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுகின்றன. கட்டி நசிவுக் காரணி ஆல்பா, இன்டர்லூக்கின் ஒன்று பீட்டா போன்ற அழற்சிச் செய்தி மூலக்கூறுகளான சைட்டோகைன்கள் பெருகுகின்றன. கூடவே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைவேகம் மிகுந்த ஆக்சிஜன் சேர்மங்கள் தசை உயிரணுவின் சவ்வைத் தாக்குகின்றன. கினிப் பன்றியின் பித்தநாளத்தைக் கட்டி அழற்சியை வரவழைத்துப் பார்த்தபோது, சில நாட்களிலேயே ஹார்மோனுக்குத் தசை காட்டும் சுருக்கம் குறைந்துபோனது. ஒப்பாஸம் என்ற விலங்குக்குப் பாக்டீரிய நச்சை மட்டும் கொடுத்தபோதும் அதுவே நடந்தது. அங்கே கல்லும் இல்லை, அடைப்பும் இல்லை. உடலில் எங்கோ இருக்கும் கிருமியின் நச்சு பித்தப்பையை மந்தமாக்கிவிட்டது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் உணவின்றிக் கிடக்கும் நோயாளிக்குக் கல்லே இல்லாமல் பித்தப்பை அழற்சி வருவது ஏன் என்பதற்கு இது பாதி விடை. மீதிப் பாதி, வாய் வழியே உணவு போகாததால் ஹார்மோனே சுரக்காமல் பித்தம் தேங்குவது.

இந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று ஒரு முறையாவது நேரில் பார். அறுவையில் எடுத்த பித்தப்பையின் தசையை மெல்லிய பட்டையாக வெட்டி, 37 பாகை வெப்பத்தில் உப்புக்கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாயில் தொங்கவிடுவார்கள். ஆக்சிஜன் குமிழ்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு முனை கீழே கட்டப்பட்டிருக்கும், மறுமுனை இழுவிசையை அளக்கும் கருவியில் மாட்டப்பட்டிருக்கும். ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும்போது உடலை விட்டு வெளியே வந்த அந்தப் பட்டை சுருங்கும். அழற்சியுற்ற பட்டை அரைகுறையாகச் சுருங்கும், சில நேரம் அசையவே அசையாது. திரையில் ஓடும் அந்தக் கோட்டைக் கண்ணால் கண்டவர் பித்தப்பையைக் கல் நிரம்பிய வெறும் பையாக அதன்பின் நினைக்கமாட்டார்.

தசை ஏன் சுருங்கவில்லை? பலம் போய்விட்டதா? அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் பெஹாரும் பியான்கானியும் பல ஆண்டுகள் இந்தக் கேள்வியோடு உழைத்தார்கள். பிரெய்ரி நாய் என்று அழைக்கப்படும் வட அமெரிக்கக் கொறிவிலங்குக்குக் கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி கொடுத்தால் அதன் பித்தப்பைத் தசை ஹார்மோனுக்கு மங்கலாகத்தான் பதில் தரும். ஆனால் ஏற்பியைத் தாண்டி, உயிரணுவுக்குள் நேராகச் செய்தி தரும் பொருட்களைச் செலுத்தினால் அதே தசை இயல்பாகச் சுருங்கியது. சவ்வில் ஏறியிருந்த கூடுதல் கொலஸ்ட்ராலை நீக்கியபோது ஹார்மோனுக்கும் பதில் திரும்பியது. ஒரு தோட்டத்தை நினைத்துக்கொள்: காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் மேற்பார்வையாளரான மண்டோர் பெயரைக் கூப்பிடுகிறார், ஆள் அங்கேதான் நிற்கிறார், கையில் தெம்பும் இருக்கிறது, காதில்தான் விழவில்லை. தசையின் நிலை அதுதான். இந்தக் கட்டத்தில் தசை இறந்துவிடவில்லை, மீட்கக்கூடியது.

பெஹார், பியான்கானி குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. பித்த அமிலங்களில் எண்ணெய்த்தன்மை மிகுந்த வகை கினிப் பன்றியின் தசை உயிரணுக்களில் ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கி ஹார்மோனுக்கான பதிலைக் குலைத்தது. அதே வேளையில் உயிரணு புரோஸ்டாகிளாண்டின் ஈ2ஐயும், பெராக்சைடை முறிக்கும் கேட்டலேஸ் நொதியையும் கூட்டியது. அதாவது, வலிக்கும் வீக்கத்துக்கும் காரணம் என்று நாம் பழிசொல்லும் புரோஸ்டாகிளாண்டினே தசை தன்னைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் பொருளும்கூட. கொலஸ்ட்ரால் கல் உள்ள மனிதப் பித்தப்பைகளில் இந்தத் தற்காப்பே பலவீனப்பட்டிருந்தது. அழற்சிப் பொருள் எதையும் நண்பன், பகைவன் என்று ஒரே சொல்லில் எழுதிவைத்துக்கொள்ளாதே. எந்த ஏற்பி, எந்த அளவு, எந்த நேரம் என்ற மூன்றையும் கேட்டுவிட்டே முடிவுக்கு வா.

நம் மக்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்திய ரயில்வேயில் மருத்துவ அதிகாரியாக இருந்த மல்ஹோத்ரா 1968இல் ரயில்வே ஊழியர்களை ஒப்பிட்டு எழுதினார். வட இந்தியர்களிடம் பித்தக்கல் தென்னிந்தியர்களைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகம் என்பது அவர் கண்டது. கல்லின் வகையிலும் வேறுபாடு உண்டு: வடக்கே கொலஸ்ட்ரால் கற்கள் மிகுதி, தெற்கே நிறமிக் கற்கள் மிகுதி. நிறமிக் கற்களில் ஒரு வகைக்குக் கிருமித் தொற்றே வழி வகுக்கிறது. ஈ. கோலி போன்ற பாக்டீரியாவின் நொதி பித்த நிறமியான பிலிருபினை அதன் இணைப்பிலிருந்து பிரித்துவிட, அது கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது. ஜப்பானில் மாக்கி 1966இல் இதை விளக்கினார். இரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி உடையும் தலசீமியா போன்ற நோய்களிலும் கரிய நிறமிக் கற்கள் வரும். பெஹாரின் குழு 1989இல் இரண்டு வகைக் கற்களோடு வந்த பித்தப்பைகளை ஒப்பிட்டபோது, நிறமிக் கல் பைகளின் தசை ஹார்மோனுக்கு நன்றாகவே சுருங்கியது, கொலஸ்ட்ரால் கல் பைகளின் தசைதான் தளர்ந்திருந்தது.

நம் தோட்டத்துப் பாட்டன்மார் தெற்கிலிருந்து வந்தவர்கள். அதனால் நமக்கும் நிறமிக் கல்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. மூன்று நான்கு தலைமுறையாக உணவு மாறியிருக்கிறது, உழைப்பு மாறியிருக்கிறது. விடியலில் ரப்பர் பால்வாளி தூக்கி நடந்த உடம்பின் பேரப்பிள்ளைகள் இன்று செனவாங் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார்கள், உடல் எடை கூடியிருக்கிறது, இனிப்பு நீர் என்னும் நீரிழிவு வந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவின் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவு தன்னியக்க நரம்புகளைக் கெடுக்கும்போது பித்தப்பையின் சுருக்கமும் குறைகிறது. உடற்பருமனில் ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும் இலேசான அழற்சி அதற்கு மேல் ஏறுகிறது. எடை குறைக்கவும் சர்க்கரை குறைக்கவும் இப்போது பரவலாகத் தரும் செமாகுளுடைட் வகை ஊசிகளும் பித்தப்பை நோயைச் சற்றுக் கூட்டுகின்றன என்று தெரிந்திருக்கிறது. நோயாளியிடம் மருந்துப் பட்டியல் கேட்கும்போது அந்த ஊசியையும் மறக்காமல் கேள்.

நான் பெரிதும் அஞ்சும் நோயாளி இவர்தான். எழுபதைத் தாண்டியவர், இருபது ஆண்டு இனிப்பு நீர். இரண்டு நாளாக "மேல்வயிறு கனமா இருக்கு, காத்து அடைச்சிருக்கு" என்று கோடாலித் தைலம் தடவிக்கொண்டு வீட்டிலேயே கிடந்திருப்பார். மகன் வேலை முடிந்து வந்து காரில் அழைத்து வருவார். காய்ச்சல் இருக்காது, இருந்தாலும் இலேசாக. விலா எலும்பின் கீழ் கைவைத்து மூச்சை இழுக்கச் சொன்னால் முகம் கொஞ்சம் சுளிக்கும், அவ்வளவுதான். "நேத்து ரொம்ப வலிச்சுது, இன்னிக்குப் பரவால்ல டாக்டர்" என்பார். வார்டு நிறைந்திருக்கும் இரவில் அந்தப் "பரவால்ல" உனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நம்பாதே. சுவரில் இரத்த ஓட்டம் நின்று தசையும் நரம்பும் இறக்கத் தொடங்கினால் வலி குறையும். பை கிழிந்து அழுத்தம் வெளியேறினாலும் சில மணி நேரம் வலி குறையும். அழுகிய பித்தப்பையோடு அமைதியாகப் படுத்திருக்கும் முதியவர்கள் உண்டு.

ஆகவே வலி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று மணிக்கணக்கில் கேட்டு எழுது. வெறும் அடைப்பு வலி சில மணி நேரத்தில் விடும். ஆறு மணி நேரம் தாண்டினால் அழற்சி தொடங்கிவிட்டது என்று எண்ணு. பித்தப்பை அழற்சிக்கான தோக்கியோ வழிகாட்டி 72 மணி நேரத்தைத் தாண்டிய நோயையும், வெள்ளணு எண்ணிக்கை 18,000ஐத் தாண்டியதையும், கைக்குத் தட்டுப்படும் வலியுள்ள வீக்கத்தையும் நடுத்தரத் தீவிரம் என்று வகுத்திருக்கிறது. அந்த எண்களை மனப்பாடம் செய்வது எளிது. வெள்ளணுக்கள் சுவருக்குள் புகுந்து, தசை செயலிழந்து, சுவர் அழுகும் பாதையில் அவை எங்கே நிற்கின்றன என்று தெரிந்து பயன்படுத்தினால் எண்களில் சிக்காத நோயாளியையும் பிடித்துவிடுவாய். வலி அடங்கிவிட்டது என்று சொன்னவரின் வயிற்றை மாலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை தொட்டுப் பார். நாடித்துடிப்பு ஏறுகிறதா என்று பார். வலி நின்று நாடி ஏறினால் மூத்த மருத்துவரை எழுப்பு. நள்ளிரவு என்று தயங்காதே.

மருந்து விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பித்தக்கல் வலி என்றதும் கை தானாகப் பஸ்கோபானுக்குப் போகிறது. அது தசைப்பிடிப்பை ஓரளவு தளர்த்தும். ஆனால் புரோஸ்டாகிளாண்டின் சுழலைத் தொடாது. நீர் ஊறுவதும் நிற்காது, அழுத்தமும் இறங்காது. இண்டோமெத்தசினைப் போலவே டைக்ளோஃபெனாக் அந்தச் சுழலையே வெட்டுகிறது. 1997இல் கிரேக்க மருத்துவர்கள் 75 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் ஊசியையும் மருந்தற்ற ஊசியையும் ஒப்பிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்கு வலி தணிந்ததோடு, பித்தப்பை அழற்சியாக நோய் முற்றுவதும் குறைந்தது. 2004இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று டைக்ளோஃபெனாக்கைப் பஸ்கோபானோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது, முடிவு அதே பக்கம்தான் சாய்ந்தது. சிறுநீரகம் கெட்டவருக்கும், குடல்புண் இரத்தக்கசிவு இருந்தவருக்கும் டைக்ளோஃபெனாக் தரக்கூடாது. அது உனக்குத் தெரியும், தெரிந்ததை அவசரத்தில் மறவாதே. நம் பெரியவர்களில் பலருக்கு இனிப்பு நீரோடு சிறுநீரகமும் பழுதாகியிருக்கும். ஊசியை எடுக்கும் முன் கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிடு.

இதே ஊசி உயிருக்கு உலைவைக்கும் நேரமும் உண்டு. அது நெகிரி செம்பிலானில் அடிக்கடி வருவது. மூன்று நாள் காய்ச்சல், வலப்பக்க மேல்வயிற்றில் வலி, வாந்தி. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறது, கல் இல்லை. அறுவை மருத்துவரை அழைக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருக்கின்றன. டிங்கி! 2019இல் மட்டும் இந்நாட்டில் 1,30,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டிங்கி வந்தது. டிங்கியில் பித்தப்பைச் சுவர் தடிப்பது பெரும்பாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களை விட்டுக் கசிந்து சுவருக்குள் ஊறுவதால். அந்தக் கசிவுக்கும் அழற்சிச் செய்தி மூலக்கூறுகளே காரணம். ஆனால் அங்கே கழுத்தில் கல் இல்லை, வாய் அடைபடவில்லை. கசிவு நின்று, நீர் இரத்தத்துக்குத் திரும்பியதும் சுவர் தானாகப் பழைய நிலைக்கு வருகிறது. இந்தோனேசியாவில் 1990களில் குழந்தைகளிடம் செய்த ஸ்கேன் ஆய்வுகள், சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும் என்றும், 5 மில்லிமீட்டரை எட்டினால் அதிர்ச்சி நிலைக்குப் போகும் ஆபத்து அதிகம் என்றும் காட்டின. தடித்த சுவர் அங்கே கத்திக்கான அழைப்பு இல்லை. இரத்த நாளங்கள் கசிகின்றன என்ற எச்சரிக்கை. தட்டணு குறைந்த உடம்பில் டைக்ளோஃபெனாக் இரத்தக்கசிவைக் கூட்டும், அறுவை அதைவிட மோசம். பாராசிட்டமால், அளந்து கொடுக்கும் திரவம், மணிக்கு மணி கவனிப்பு. அங்கே தேவை இவைதான்.

ஒரே சுவர்த் தடிப்பு, ஒரே வலி. ஒருவருக்கு மருந்தாகும் ஊசி மற்றவருக்கு நஞ்சு. இரண்டிலும் எந்த மூலக்கூறு எதைச் செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்த வேறுபாடு உனக்குப் பிடிபடும். நீ கேட்ட கேள்விக்கு வார்டிலிருந்து நான் தரக்கூடிய நேரடி விடை இதுவே.

எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸையும் மறந்துவிடாதே. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் வில்லியம் ஃபிளெட்சர் 1920களிலேயே மலாயாவில் அதைக் கண்டறிந்தார். 2010 முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் அது இருக்கிறது. அந்த நோயிலும் கல் இல்லாத பித்தப்பை அழற்சி வரலாம். செம்பனைத் தோட்டத்தில் எலி இல்லாத இடம் கிடையாது. குலை வெட்டுபவர், பழம் பொறுக்குபவர், வாய்க்கால் சுத்தம் செய்பவர் யாராக இருந்தாலும், மஞ்சள் காமாலையும் கெண்டைக்கால் தசைவலியும் சேர்ந்து வந்தால் தொழிலைக் கேள். இன்று தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பலர் வங்காளதேசத்தவர், இந்தோனேசியர். உன் பாட்டனைத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் எப்படிப் பார்த்திருக்க வேண்டும் என்று நீ விரும்புவாயோ, அப்படியே அவர்களையும் பார்.

இறுதியாக ஒரு வேலை தருகிறேன். நீரிழிவு உள்ள நம் மக்களின் பித்தப்பை எவ்வளவு சுருங்குகிறது என்பதை அளக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. இரவு முழுதும் உண்ணாதிருந்தவருக்குக் காலையில் ஸ்கேன் செய்து பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.52ஆல் பெருக்கினால் கொள்ளளவு வந்துவிடும். பிறகு கொழுப்புள்ள உணவு கொடுத்து, அரைமணி நேரத்துக்கு ஒருமுறை அதையே அளந்தால் எவ்வளவு காலியாகிறது என்று தெரியும். அதோடு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும், இரத்தத்தில் உள்ள அழற்சிக் குறியீடு சி.ஆர்.பி. அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள். தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்து, நெறிக்குழுவின் ஒப்புதல் பெற்று, ரந்தாவ் கிளினிக்குக்கு மாதந்தோறும் இனிப்பு நீர் மருந்து வாங்க வருபவர்களிடமிருந்தே தொடங்கலாம். கதிரியக்கப் பிரிவில் ஒருவரையும், ஐ.எம்.யூ. பல்கலைக்கழகத்தின் சிரம்பான் வளாகத்தில் வழிகாட்டி ஒருவரையும் பிடித்துக்கொள். ஆய்வுத் திட்டத்தை இரண்டு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்பு. திருத்திக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
உன் மூத்த மருத்துவர்